ஓரகத்திக்கு வந்த அட்மிஷன்

வாங்க, வாங்க. தமயந்தியைப் பாக்கத்தான வந்திருக்கீங்க? தெரியும். இப்பல்லாம் இந்த வீட்டு காலிங் பெல் அடிச்சாலே அவளுக்குத்தான். அந்த நாற்காலி வேண்டாம் மேடம், அது ஆடும். இதுல உக்காருங்க, ஃபேன் காத்தும் இங்கதான் வரும். அவ ஸ்வெட்டர் வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கா. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். திருச்சியில, ஆடி மாசத்துல, தள்ளுபடிக் கூட்டத்துக்குள்ள புகுந்து ஸ்வெட்டர் தேடுறா. அங்க குளிருமாம். குளிரும்னு அவளுக்குச் சொன்னதே நான்தான்.

நான் அவ ஓரகத்தி. மூத்த மருமக. பேரு மங்கையர்க்கரசி. எங்க மாமியாருக்கு ரெண்டு பசங்க. பெரியவரை நான் கட்டினேன், சின்னவன் குருவை அவ கட்டினா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவ இந்த வீட்டுக்கு வந்து நாலஞ்சு வருஷம் ஆச்சு, நான் வந்து அதுக்கு மூணு மடங்கு ஆச்சு.

நீங்க அவ படிச்ச காலேஜா? மேத்ஸ் டிபார்ட்மென்ட்டுன்னு நினைச்சேன். இங்கிலீஷா? அப்ப நல்லதாப் போச்சு, உங்ககிட்ட சொன்னா புரியும். இந்த வீட்டுல யாருக்கும் புரியாது. அவளைப் பிள்ளைங்க முன்னாடி பேசக் கூப்பிட வந்திருக்கீங்க, அதான? தாராளமாக் கூப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உங்க காலேஜ்ல அவ படிச்சது கணக்கு. இங்கிலீஷ் லிட்டரேச்சர்ல ஒரு பேப்பர்கூட எழுதினவ இல்ல. நான் எம்.ஏ. லிட்டரேச்சர், கோல்டு மெடல். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

காபி சாப்பிடுவீங்களா? அப்புறமாவா, சரி.

பொறாமைன்னு நினைச்சுடாதீங்க. எனக்கு அந்தக் குணமே கிடையாது. அவளுக்கு வளைகாப்புக்கு வாங்கி வெச்ச பட்டு என் பட்டைவிட ஒசத்தியா இருந்துச்சு, நான் ஒரு வார்த்தை பேசல. அந்தக் குழந்தை தங்காமப் போனப்ப ஒரு மாசம் அவளுக்குச் சோறு ஊட்டினதே நான்தான். அதெல்லாம் வேற. இது வேற. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல, நான் அதைப் பேசறேன்.

அமெரிக்காவுல கதை எழுதறதுக்கும் கவிதை எழுதறதுக்கும் யூனிவர்சிட்டியில டிகிரி இருக்குன்னு எங்க காலேஜ்ல மொதல்ல தெரிஞ்சவ நான்தான். லைப்ரரியில ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதுல பாத்தேன். பன்னெண்டு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உக்காந்திருக்காங்க, ஒருத்தர் எழுதினதை மத்தவங்க எல்லாம் படிச்சுட்டு வந்து பேசறாங்க. அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். படிச்சுட்டு வந்து பேசறாங்க மேடம். நம்ம எழுதினதை.

பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், எனக்கு இப்படி ஒரு ஆசை இருக்குன்னு. அதுக்கென்ன, பாத்துக்கலாம்னார். அவர் நல்லவர், பொய் சொல்ல மாட்டார். பாத்துக்கலாம்னுதான் சொன்னார், இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்றார். அப்புறம் பொண்ணு பொறந்தா. மாமனார் படுக்கையில விழுந்தார், போய்ச் சேந்தார். நான் மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல பிளஸ் டூ இங்கிலீஷுக்குச் சேந்தேன். ஆனா எழுதறதை விடல. கவிதை எழுதுவேன், இங்கிலீஷ்ல. எழுதினதை வாய்விட்டுச் சொல்லிப் பாத்தாத்தான் எங்க இடறுதுன்னு தெரியும். அதை எங்க போய்ச் சொல்றது? பாத்ரூம்ல பைப்பைத் திறந்து விட்டுட்டுச் சொல்லுவேன். தண்ணி சத்தத்துல வெளிய கேக்காது. மாமியார் கத்துவாங்க, ஒரு ஆள் குளிக்க ஒரு டேங்க் தண்ணியான்னு. அது பாட்டுக்கு அது.

போன வருஷம் ஆயுதபூஜை லீவுல முடிவு பண்ணிட்டேன், இனிமே தள்ளிப்போட முடியாது, பொண்ணும் பெருசாயிட்டான்னு. அப்ளை பண்றதுன்னு உக்காந்தேன். நம்ம ஊர் காலேஜ் மாதிரி இல்லைங்க அது, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. ஒருத்தன் இருபது பக்கம் கேப்பான், ஒருத்தன் முப்பது பக்கம் கேப்பான். நீ யாரு, ஏன் எழுதற, எதுக்கு எங்ககிட்ட வர்றன்னு ஒரு கட்டுரை வேற. சில இடத்துல கிரியேட்டிவ் ரைட்டிங், சில இடத்துல வெறும் இங்கிலீஷ். ரெண்டுக்கும் போட்டேன், இது இல்லாட்டி அது. சிபாரிசுக்கு எங்க பழைய ஹெச்.ஓ.டி.யைக் கேட்டேன். ரிட்டயர்டாகி மகன்கூட பெங்களூர்ல இருக்கார். எழுதி முடிச்சுட்டு ஃபோன்ல எனக்கே படிச்சுக் காட்டினார், பெருமையா. மங்கையர்க்கரசி மிகவும் அடக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்னு. நான் என்னத்தைச் சொல்றது. ரொம்ப நன்றி சார்னு வெச்சுட்டேன்.

கம்ப்யூட்டர்ல இந்த அப்லோடு பண்றது, பக்கத்தை ஒட்டறது, இதெல்லாம் எனக்குக் கை வராது. தமயந்தி வீட்டுல இருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பாக்கறா. டாக்டருங்க எழுதினதைப் படிச்சு இன்ஷூரன்ஸுக்கு நம்பர் போடற வேலை. பொழுதுக்கும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடிதான். அதனால அவளைக் கூப்பிட்டேன். உடனே வந்தா. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் என்கூட உக்காந்துடுவா. கணக்கு திறக்கறது, மார்க் ஷீட்டை ஸ்கேன் பண்றது, எல்லாம் அவதான். அதை நான் மறுக்கல. உதவி பண்ணா. பண்ணிக்கிட்டே எல்லாத்தையும் பாத்துக்கிட்டா. எந்த இடத்துல என்ன கேக்கறாங்க, எப்படி எழுதணும், எல்லாம். நான் பத்து வருஷமாத் தேடிச் சேத்து வெச்ச விஷயம், அவளுக்கு ஒரு மாசத்துல கிடைச்சுடுச்சு. அதுவும் என் பக்கத்துலயே உக்காந்து, நான் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டு.

நான் அனுப்பின கதையைச் சொல்லணுமே. இங்கிலாந்துல ஒரு கிராமம். மார்கரெட்னு ஒரு விதவை. ஜன்னல் ஓரமா உக்காந்து இலை உதிர்றதைப் பாக்கறா. அவ்வளவுதான். சம்பவம்னு ஒண்ணும் கிடையாது. ரொம்ப நுட்பமான கதை. ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்குப் போகும், ஆனா இலக்கணம் எங்கயும் தப்பாது. அதை எழுத எனக்கு மூணு வருஷம் ஆச்சு. தமயந்தி படிச்சா. படிச்சுட்டு என்ன கேட்டா தெரியுமா? அக்கா, இந்த மார்கரெட் காலையில என்ன சாப்பிடுவான்னு கேட்டா.

அது கதைக்கு அவசியம் இல்லைன்னு சொன்னேன். தலையாட்டிட்டு அப்லோடு பண்ணா. அதுக்கப்புறம் ஒரு நாள் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருக்கும்போது மெதுவாச் சொல்றா, அக்கா, நீங்க உங்க அப்பாவைப் பத்திச் சொல்வீங்களே, அதெல்லாம் எழுதலாமேன்னு. எங்க அப்பா பஸ் கண்டக்டர். அவரைப் பத்தி அடுப்படியில பேசலாம். அமெரிக்கா யூனிவர்சிட்டிக்கு அனுப்பவா முடியும்? எனக்குக் கோபம் வந்துடுச்சு. உனக்கு இலக்கியம் தெரியாது, விடுன்னு சொல்லிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டா, அதுதான் அவ சாமர்த்தியம்.

அவ எழுதுவான்னே எனக்குத் தெரியாது மேடம். மதியச் சாப்பாட்டு நேரத்துல ஏதோ தட்டிக்கிட்டே இருப்பா, ஆபீஸ் வேலைன்னு நினைச்சேன். கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி ஒரு நாள் என்கிட்ட வந்து நின்னா. அக்கா, நானும் ஒரே ஒரு இடத்துக்குப் போட்டுப் பாக்கட்டுமா, நீங்க போடற இடத்துக்கு இல்ல, வேற ஏதாவது இடத்துக்குன்னு கேட்டா. போடேன், யாரு வேண்டாம்னான்னு சொல்லிட்டேன். சின்னப் பிள்ளை நானும் வண்டி ஓட்டறேன்னு கேட்டா சரி ஓட்டுன்னு சொல்ல மாட்டோமா, அந்த மாதிரி. இப்ப யோசிச்சுப் பாத்தாத்தான் தெரியுது. நான் போட்ட இடத்துக்கே போட்டிருந்தா என்னோட மோதணும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாத்தீங்களா.

அந்தக் கதையை என்கிட்ட குடுத்தா. அதை மறைக்கல. பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்து கையில குடுத்து, படிச்சுப் பாருங்கக்கா, உங்களுக்குச் சங்கடமா இருந்தா அனுப்பலைன்னு சொன்னா. நான் அப்பத்தான் என் கட்டுரையோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன். அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் வேற கட்டு கட்டாக் கிடக்குது. அந்த நேரம் பாத்துக் கொண்டுவந்து குடுத்தா எப்படிப் படிக்கறது? அதை மிக்ஸி மேல வெச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு, அக்கா படிச்சீங்களான்னு கேட்டா. நல்லா இருக்கு, அனுப்புன்னேன். வேற என்ன சொல்றது? படிக்கலைன்னா மனசு நோகும்ல. நான் அவ மனசுக்காகப் பாத்தேன். அதுக்குக் கிடைச்ச பலன்தான் இது.

மாசி மாசத்துல பதில் வர ஆரம்பிச்சுது. எல்லாம் எனக்கு. எல்லா இடமும் ஒரே வாக்கியம்தான் எழுதுது மேடம். இந்த வருஷம் அசாதாரணமான அளவுக்குத் திறமையானவங்க விண்ணப்பிச்சிருந்தாங்களாம். உங்கள் எழுத்தைப் படிச்சது எங்களுக்கு மகிழ்ச்சியாம். மகிழ்ச்சின்னா கூப்பிட வேண்டியதுதான? ஒவ்வொரு தடவை வரும்போதும் தமயந்திதான் முகம் வாடிப் போவா. அந்தக் கமிட்டியில யாருக்கும் மூளை இல்லக்கான்னு சொல்லுவா. நானும் உருகிப்போய்க் கேட்டுக்கிட்டிருந்தேன். கடைசி பதில் வந்த அன்னைக்கு எனக்காகக் கோதுமை அல்வா கிளறினா. அல்வா நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். காலையில நான் தேங்கா திருவிக்கிட்டிருக்கேன். பொண்ணு பல்லு விளக்கிக்கிட்டிருக்கு. தமயந்தி ஃபோன் அடிக்குது, ஏதோ நீளமான நம்பர். எடுத்தா. ரெண்டு வார்த்தை கேட்டா. முகம் வெளுத்துப் போச்சு. அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல, நீங்க பேசுங்கன்னு ஃபோனை என் கையில திணிச்சுட்டா. தேங்காத் துருவலோட அப்படியே வாங்கிக் காதுல வெச்சேன்.

ஒரு அம்மா. வயசானவங்க மாதிரிக் குரல், ரொம்பக் கனிவு. இஸ் திஸ் தமயந்தின்னு கேட்டாங்க. நான் யெஸ்னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்லுவாங்க? இல்லைங்க, நான் அவ ஓரகத்தி, அவ பக்கத்துல நிக்கறான்னு விளக்கிக்கிட்டா இருக்க முடியும், அது சர்வதேச அழைப்பு. யெஸ்னு சொன்னேன்.

அந்த அம்மா சொன்னாங்க. உங்க கதையை நாங்க எல்லாரும் படிச்சோம், மேஜையைச் சுத்தி உக்காந்து ரொம்ப நேரம் பேசினோம்னு. உங்களுக்கு இடம் குடுக்கறோம், மூணு வருஷம், ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகை உண்டு, பதிலுக்கு நீங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எழுதச் சொல்லித் தரணும்னு. அப்புறம் குரலை இறக்கி ஒண்ணு சொன்னாங்க. அந்த வீட்டுல இருக்கற மூத்தவளை எங்களால மறக்கவே முடியல, இந்த வருஷம் நாங்க படிச்சதுலயே உயிரோட இருந்தது அவதான்னு.

எனக்கு ஒண்ணும் புரியல. எந்த வீடு, எந்த மூத்தவ? இருந்தாலும் தேங்க்யூ, தேங்க்யூ ஸோ மச்னு சொன்னேன். என் உச்சரிப்பு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க. கொஞ்ச நேரம் நான் அப்படியே நின்னேன் மேடம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குத்தான் கிடைச்சிருந்துச்சு. அப்புறம் ஃபோனை வெச்சுட்டு, உனக்குக் கிடைச்சிருச்சுன்னு அவகிட்ட சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. அழுதா. என் பொண்ணு பேஸ்ட் நுரையோட ஓடிவந்து சித்தி சித்தின்னு அவளைக் கட்டிக்கிச்சு. நான் சட்னிக்கு அரைச்சேன். ஸ்கூலுக்கு நேரமாச்சு.

அன்னைக்கு மத்தியானம் லீவு சொல்லிட்டு வந்து, அந்தப் பிரின்ட்டைத் தேடி எடுத்தேன். மிக்ஸி கவருக்கு அடியில கிடந்துச்சு. மஞ்சத்தூள் ஒட்டியிருந்துச்சு. முதல் பக்கம் படிச்சேன், மூடி வெச்சுட்டேன். அதுக்கு மேல படிக்கப் பிடிக்கல.

நான்தான் மேடம். முழுக்க முழுக்க நான். ஒரு வீடு, ரெண்டு மருமகளுங்க. மூத்தவ தினமும் பாத்ரூமுக்குள்ள போயி, பைப்பைத் திறந்துவிட்டு, வாளிக்குத் தன் கவிதையைச் சொல்றா. சின்னவ சுவத்துக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கற சாக்குல நின்னு கேக்கறா. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். ஆறாங்கிளாஸ் இங்கிலீஷ். அவள் வந்தாள். அவள் கதவைச் சாத்தினாள். இப்படி. இதுக்கா மூணு வருஷம், உதவித்தொகை? வாளியைப் பச்சைன்னு எழுதியிருக்கா, எங்க வீட்டு வாளி நீலம். அதுகூடச் சரியாப் பாக்கல. பன்னெண்டாவது பக்கத்துல அந்த மூத்தவ அழறான்னு எழுதியிருக்கா, நான் ஒரு நாளும் அழுதது கிடையாது, கவிதை சொல்லும்போது குரல் அப்படி ஆகும், அவ்வளவுதான். கடைசியில மூத்தவ பைப்பை மூடறா. மூடினதும் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடற சத்தம் அவளுக்குக் கேக்குது. கேட்டுட்டு, ரெண்டு பேரும் அசையாம நிக்கறாங்க. அங்க முடிச்சிருக்கா. அந்த இடம் பரவாயில்ல. அந்த இடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது என் பைப்பு, என் சுவரு. நான் பதினஞ்சு வருஷம் அதுக்குள்ள நின்னிருக்கேன், எனக்கு அதை எழுதத் தோணல. அவ வெளிய நின்னா, அவளுக்குத் தோணிடுச்சு. இது என்ன நியாயம், நீங்க சொல்லுங்க.

சரி, கிடைச்சது கிடைச்சுது. போறதுக்கு வீடு சம்மதிக்கணும்ல. கல்யாணம் ஆன பொண்ணு, மூணு வருஷம், கடல் தாண்டி, தனியா. மாமியார் வாயைத் திறக்கல. குரு நல்ல பையன், அவனுக்கு அவ மேல உசிரு, ஆனா தனியா ஒரு முடிவு எடுக்க மாட்டான். அண்ணிக்குத்தான் இந்த விஷயம் தெரியும், அண்ணி சரின்னா எனக்குச் சரின்னு சொல்லிட்டான். எங்க வீட்டுக்காரரும் என் முகத்தைப் பாக்கறார். அவர் ஆபீஸ்ல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டார் மேடம், எங்க வீட்டுப் பொண்ணு அமெரிக்கா போகுதுன்னு. என் கோல்டு மெடல் பீரோவுல எந்தத் தட்டுல இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது.

மாமனாரோட அண்ணன் லால்குடியில இருக்கார். பெரிய மாமா. மாமனார் போனப்புறம் எல்லாத்துக்கும் அவர்தான் வந்து பேசுவார். சித்திரை பொறந்து ஒரு ஞாயித்துக்கிழமை அவரை வரவழைச்சாங்க. எல்லாரும் ஹால்ல உக்காந்தோம். இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் அவர் உக்காந்தார். தமயந்தி சமையக்கட்டு நிலைப்படியில நின்னுக்கிட்டிருந்தா.

நான் என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெச்சிருந்தேன். போக வேண்டாம்னு நான் சொல்லப் போறதில்ல. உள்ளதைச் சொல்லலாம்னு இருந்தேன், அவ்வளவுதான். அந்த ஊர்ல பாதி வருஷம் பனி. இந்தப் படிப்பு படிச்சா வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. போன பொண்ணுங்க பல பேர் திரும்பி வர்றதில்ல. ஏற்கெனவே உடம்பு ஒரு தடவை நொந்தவ. எல்லாம் உண்மைதான? ஒண்ணாவது பொய்யா? இதைச் சொன்னாப் போதும், மத்ததை அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க.

பெரிய மாமா காபியைக் குடிச்சுட்டு என்ன படிப்புன்னு கேட்டார். கதை எழுதற படிப்புன்னு குரு சொன்னான். மாமா சிரிச்சார். சாதாரணச் சிரிப்பு இல்ல, வயிறு குலுங்கச் சிரிச்சார். கதை எழுதறதுக்குப் படிப்பு, அதுக்கு அமெரிக்கா, அங்க ஏதாவது ஏமாத்துக் காலேஜா இருக்கும், வேலை இல்லாத பொம்பளைங்களுக்குப் பொழுது போகணும்லன்னார். எல்லாரும் லேசாச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், மறைப்பானேன். எனக்குச் சாதகமாத்தான போயிக்கிட்டிருக்கு.

அதோட நிறுத்தியிருந்தா இன்னைக்கு ஸ்வெட்டர் வாங்கற வேலையே இல்ல. அவர் என் பக்கம் திரும்பி, அன்பாத்தான், சொன்னார். "நம்ம மங்கைகூட என்னமோ கிறுக்கிக்கிட்டிருந்தா. இப்ப நல்ல பிள்ளையா அதையெல்லாம் விட்டுட்டா பாரு. இதுவும் அந்த மாதிரி நாலு நாள்ல சரியாயிடும்."

எனக்குக் காது அடைச்சுப் போச்சு மேடம்.

"பெரிய மாமா, நான் விடல," அப்படின்னேன்.

அவர் என்னம்மான்னார். நான் எந்திரிச்சு நின்னுட்டேன். என்ன பேசினேன்னு முழுசா ஞாபகம் இல்ல. அது ஏமாத்துக் காலேஜ் இல்ல, நூத்துக்கணக்குல எழுதிப்போட்டா நாலஞ்சு பேரைத்தான் எடுப்பாங்க, அதுல ஒரு இடம் உறையூர்ல இருக்கற இந்த வீட்டுக்கு வந்திருக்குன்னு சொன்னேன். உங்க மகன் இன்ஜினியரிங்குக்கு எவ்வளவு கட்டினீங்க, இவளுக்கு அவங்க குடுத்துக் கூப்பிடறாங்கன்னு சொன்னேன். ஒரு பொம்பளை எழுதினதைப் பன்னெண்டு பேர் படிச்சுட்டு வந்து உக்காந்து பேசற ஒரு எடம் உலகத்துல இருக்கு, அந்த எடத்துக்கு எப்படிப் போகணும்னு இந்த வீட்டுல எனக்குத்தான் தெரியும், அதைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன். பனி கொட்டினா ஸ்வெட்டர் போட்டுக்கலாம்னு சொன்னேன். எனக்கு இலக்கியத்துல எவ்வளவு படிப்பு இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. என் கிளாஸ்ல நான் அப்படிப் பேசினது கிடையாது. எங்க வீட்டுக்காரர் வாயைப் பிளந்துக்கிட்டுப் பாத்தார். பெரிய மாமா டம்ளரைக் கீழ வைக்கறதா வேண்டாமான்னு தெரியாமக் கையிலயே வெச்சுக்கிட்டிருந்தார்.

நான் உக்காந்தேன். அப்புறம் மாமியார் சொன்னாங்க. "மங்கையே இவ்வளவு சொல்றா. அப்புறம் என்ன, போயிட்டு வரட்டும்."

முடிஞ்சுது. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. பெரிய மாமாவே நல்ல நாள் பாத்துச் சொல்றேன்னுட்டார். தமயந்தி நிலைப்படியில நின்னு என்னைப் பாக்கறா, கண்ணு நெறைஞ்சு போய். அவளுக்காகத்தான் பேசினேன்னு நினைச்சுட்டா. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கா. அக்கா இல்லைன்னா நான் இல்லைன்னு ஃபோன்ல எல்லார்கிட்டயும் சொல்றா. உங்க காலேஜ்லயும் வந்து அதையேதான் சொல்லுவா பாருங்க. சொல்லும்போது நம்பாதீங்க. நான் அவளுக்காகப் பேசல. எனக்கு அந்தச் சிரிப்பு தாங்கல. அதுக்கப்புறம் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல. நானே என் வாயால அனுப்பி வெச்சுட்டேனே, அந்த மனுஷன் சிரிச்சதுக்குப் பேசாம இருந்திருந்தா என்னன்னு.

அந்த ஆத்திரத்துலதான் ஒரு நாள் ஸ்கூல்ல ஃப்ரீ பீரியட்ல உக்காந்து பெரிய மாமாவைப் பத்தி எழுதினேன். இலக்கியம் எல்லாம் இல்ல. கோபம். அவர் எப்படி வருவார், செருப்பை எங்க விடுவார், எந்த வீட்டுக்குப் போனாலும் நடுநாயகமா இருக்கற நாற்காலியை எப்படிக் கண்டுபிடிப்பார், சாப்பிட்டு முடிச்சதும் அவர் சம்சாரம் பெரிய அத்தை எதுவும் கேக்காமலே அவர் கையில எப்படித் துண்டைக் குடுப்பாங்க, இது மாதிரி. பெரிய அத்தையைப் பத்தி எழுத ஆரம்பிச்சதும் அது பாட்டுக்கு எங்கயோ போயிடுச்சு. நாலு பக்கம் வந்துச்சு. வாக்கியம்கூடச் சின்னச் சின்னதாத்தான் வந்துச்சு. அவசரத்துல எழுதினா அப்படித்தான் வரும்.

அதைத் தமயந்திகிட்ட குடுத்தேன். கருத்துக் கேக்க இல்ல. அமெரிக்கா போறவளாச்சே, எழுத்துப் பிழை இருந்தாப் பாருன்னு குடுத்தேன். அவ தோசை ஊத்திக்கிட்டிருந்தா. அடுப்பைச் சிம்ல வெச்சுட்டு, நின்னபடியே படிச்சா. கல்லுல தோசை கருகிப் புகையுது, அவளுக்குத் தெரியல. நான்தான் திருப்பிப் போட்டேன். கடைசிப் பக்கத்தை முடிச்சுட்டு, பின்பக்கம் திருப்பிப் பாத்தா, ஒண்ணும் இல்ல. நிமிந்து என்னைப் பாத்து, அப்புறம் என்னக்கா ஆச்சுன்னு கேட்டா.

அவ்வளவுதான் கேட்டா. நடை எப்படி, சொல்லாட்சி எப்படி, ஒண்ணும் சொல்லல. அப்புறம் என்ன ஆச்சு. அந்தம்மா துண்டைக் குடுத்தாங்களா இல்லையா, அப்புறம் என்ன ஆச்சு. நான் இத்தனை வருஷமா எழுதறேன் மேடம், மெடல் வாங்கினப்பகூட என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. மார்கரெட்டைப் படிச்சுட்டு அவகூட அப்படிக் கேக்கல. பொறு, எழுதித் தரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மறுநாள் ரெண்டு பக்கம் எழுதினேன். சாயங்காலம் வாசல்லயே நின்னா, கை நீட்டிக்கிட்டு.

அதுதான் எனக்கு ஆத்திரம். இன்னும் மூணு வாரத்துல கிளம்பிடுவா. அவ பாட்டுக்குப் போயி அந்த மேஜையைச் சுத்தி உக்காந்துக்குவா, பன்னெண்டு பேர் படிப்பாங்க, பேசுவாங்க. இந்த வீட்டுல யாரு இருக்கா? அவரு பாத்துக்கலாம்பார். பொண்ணுக்கு ஹோம்வொர்க். நான் பெரிய அத்தையை நிலைப்படி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தி வெச்சிருக்கேன், அவங்க கையில துண்டு இருக்கு, அடுத்து என்ன பண்ணப் போறாங்கன்னு எனக்கே இன்னும் தெரியாது. அது தெரிஞ்சா யார்கிட்ட ஓடிப்போய்ச் சொல்றது? இதையெல்லாம் அவ யோசிச்சாளா? தன்னைப் பத்தி மட்டும்தான் நினைக்கறா மேடம். சுயநலம்.

கேட் சத்தம் கேக்குது, வந்துட்டா. நீங்க உக்காருங்க, நான் காபி போடறேன். தமயந்தி, உன்னைப் பாக்க காலேஜ்ல இருந்து வந்திருக்காங்க. இங்க குடு அந்தப் பையை. இதா ஸ்வெட்டர்? இந்தக் கனத்துக்கு அந்த ஊர்ல வெறைச்சுப் போயிடுவ. நாளைக்கு நான் கூட வரேன், மாத்திக்கலாம்.